திறந்த மடையை அடைப்பது யார்? மார்புக் கட்டியும் ஹெர்-2 பரிசோதனையும்



இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே படியுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டாலும் சரிதான். மார்பில் வரும் புற்றுநோயைப் பற்றியது என்றதும், "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று கணவன்மார் எழுந்து போய்விட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். முறை முடிந்ததும் மண்வெட்டியால் நாலு கொத்து மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்துவிட்டுத்தானே வீட்டுக்கு வருகிறோம்? அடைக்காமல் தூங்கிப் போனால் காலையில் நாற்று மூழ்கிக் கிடக்கும். உடம்புக்குள்ளும் இதே கதைதான்.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. காயம் பட்ட இடத்தில் புதுத் தோல் வளர வேண்டுமானால், "பெருகு" என்று யாராவது செல்லுக்குச் சொல்ல வேண்டும். சொல்வது வளர்ச்சிக் காரணி என்னும் புரதம். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள, செல்லின் மேல்தோலில் ஏற்பி என்ற வேறொரு புரதம் நிற்கிறது. காரணி வந்து ஏற்பியில் பொருந்தினால் கட்டளை உள்ளே பாயும். மடை திறந்துவிட்டது.

சரி, அடைப்பது யார்? செல்லேதான். வேலை முடிந்த ஏற்பியை அது மேலே விட்டுவைப்பதில்லை. சிபிஎல் என்ற புரதம் வந்து, அந்த ஏற்பியின் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னஞ்சிறு அடையாளத்தை ஒட்டுகிறது. சந்தையில் விலை முடிந்த ஆட்டின் முதுகில் சாயம் பூசுகிறார்களே, அது மாதிரி. அடையாளம் விழுந்த ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு, லைசோசோம் என்னும் அமிலப் பைக்குப் போய்ச் சேர்ந்து சிதைந்துவிடும். துண்டுகள் வீணாவதில்லை, செல் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். நம்ம வீட்டு எருக்குழி வேலைதான். என்ன, எருக்குழிக்கு மாதக்கணக்கு ஆகும். செல்லுக்குச் சில மணி நேரம் போதும். அடையாளம் விழாத ஏற்பியோ, உள்ளே போனாலும் திரும்ப மேலே வந்து நின்றுகொள்ளும்.

செல்லில் ஒட்டிய காரணி உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைகிறது என்பதை அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனும் கிரகாம் கார்ப்பென்டரும் 1976-இல் காட்டினார்கள். வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காகக் கோஹனுக்கு 1986-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த அடைப்பு வேலை கெட்டுப்போகும் வழிகள் பல. நுரையீரல் புற்றுநோய் சிலவற்றில், மெட் என்ற ஏற்பியில் சிபிஎல் பிடித்துக்கொள்ளும் இடமே இல்லாமல் போய்விடுகிறது. பிடி இல்லாத ஆட்டுக்குச் சாயம் பூசுவது எப்படி?

மார்பில் வருவது ஹெர்-2 என்ற ஏற்பி. இது பிறவியிலேயே கொஞ்சம் முரண்டு. மற்ற ஏற்பிகளைப் போலச் சுலபமாக உள்ளே போகாது. தன்னோடு ஜோடி சேர்ந்த ஏற்பியையும் சிதைய விடாமல் மேலேயே நிறுத்திக்கொள்ளும். அளவோடு இருக்கிறவரை தொந்தரவு இல்லை. மார்புப் புற்றுநோய் வந்த 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு, கட்டியின் செல்களில் ஹெர்-2 மரபணு பல பிரதிகளாகப் பெருகி, ஏற்பிகள் மேல்தோலில் நெருக்கியடித்து நிற்கும். எல்லா மடையும் திறந்தபடியே கிடக்கும். கட்டி வேகமாக வளரும்.

ஒரு கிராமத்தில் ஒரு அம்மா எட்டு மாதம் கட்டியை மறைத்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "உங்க அம்மா வீட்டுச் சீக்குன்னு சொல்லிடுவாங்கம்மா" என்றார். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்களோ! மார்புப் புற்றுநோயில் சில வகை குடும்பத்தில் வருவது உண்டுதான். ஆனால் ஹெர்-2 பெருக்கம் தாய் வீட்டுச் சீதனம் அல்ல. பின்னால் அந்தக் கட்டிக்குள்ளேயே ஏற்படும் மாற்றம். தொட்டால் ஒட்டாது. கணவருக்குத் தொற்றாது. தாய்ப்பால் கொடுத்ததாலும் வந்ததல்ல.

கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அதைக் கேட்க வேண்டாம். அந்தச் சதையில்தான் ஹெர்-2 பார்க்கிறார்கள். அறிக்கையில் 0 அல்லது 1 பிளஸ் என்றால் ஹெர்-2 மிகுதி இல்லை. 3 பிளஸ் என்றால் உண்டு. 2 பிளஸ் வந்தால் சந்தேகம். மரபணுவை எண்ணும் இன்னொரு சோதனை வேண்டும். "ஹெர்-2 பார்த்தாச்சுங்களா?" என்று நீங்களே கேளுங்கள். தப்பில்லை.

முன்பு ஹெர்-2 மிகுதி என்றால் டாக்டர்களே முகம் சுளிப்பார்கள். 1998-இல் அமெரிக்காவில் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்ற பிறகு நிலைமை மாறியது. அது ஹெர்-2-இன் மேல் போய் உட்கார்ந்து கட்டளையைத் தடுக்கும். நோய் எதிர்ப்பு அணுக்களையும் கூப்பிட்டுக் காட்டிக் கொடுக்கும். இதே மருந்தின் முதுகில் விஷத்தை ஏற்றி அனுப்பும் வகையும் உண்டு. ஏற்பியோடு அது அமிலப் பைக்குள் போய், அங்கே சிதைந்து, புற்றுநோய்ச் செல்லுக்குள்ளேயே விஷத்தை அவிழ்த்துவிடும்!

ஆரம்ப நிலையில், ட்ராஸ்டுசுமாப் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு வரை போடுவார்கள். கட்டி கரைந்துவிட்டது, பஸ் செலவு ஆகிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். சிலருக்கு இதயம் தளரக்கூடும். ஆகவே இடையிடையே எக்கோ எடுக்கச் சொன்னால் தட்டாமல் போங்கள். மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் அடுத்த ஊசி வரை காத்திருக்க வேண்டாம்.

இனி கணவரிடம் ஒரு வார்த்தை. இந்த மருந்து வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. ஊசி போடும் காலம் முழுவதும், கடைசி ஊசிக்குப் பிறகு 7 மாதமும் கரு தங்கக் கூடாது. அதற்காகக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மார்புப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையும் ஹார்மோன் ஊசியும் கூடாது. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். ஆணுறை நீங்கள் அணியலாம். குழந்தை போதும் என்றால் நீங்களே குடும்பநல அறுவை செய்துகொள்ளலாம். அவர் உடம்புக்கு ஒரு சுமை குறையும். ஆனால் அது உடனே பலிக்காது, மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே இதை டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ பேசிவிடுங்கள். போகும்போது அந்தச் சதைப் பரிசோதனை அறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள்.