கப்பல் வேலை: கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை



நாம் பறிக்கும் கொழுந்து பெக்டரியில் தூளாகி, கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனில் ஏறிக் கடல் கடந்து போகிறது. அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்களும் நம்மைப் போலக் கூலிக்கு உழைக்கும் தொழிலாளர்கள்தான். படித்து முடித்த நமது பிள்ளைகள் சிலருக்கும் இன்று அந்த வேலையில் ஆசை இருக்கிறது. "கப்பல்ல வேலை, டொலர்ல சம்பளம்" என்று யாராவது வந்து சொன்னால், அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. அக்காவின் ஈ.பி.எப். பணமும் போகிறது.

கப்பல் வேலை கெட்ட வேலை அல்ல. ஒழுங்கான கம்பனியில், ஒழுங்கான பத்திரத்தோடு போனவர்கள் குடும்பத்தை உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் சம்பளம் பிசகினால் தலைவரிடம் போகலாம், தொழில் அலுவலகத்துக்கு பஸ் ஏறலாம். நடுக்கடலில் எங்கே போவது? அதனால் கப்பல் தொழிலாளியின் உரிமை கரையிலேயே, கையெழுத்துப் போடுமுன்பே தொடங்குகிறது. இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். போகிற பிள்ளை மட்டுமல்ல, வீட்டில் இருக்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

1. எந்தச் சட்டம் பாதுகாக்கிறது?

ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்க விடுகிறதோ, அந்த நாட்டுச் சட்டமே அதில் நடக்கும். முதலாளி ஒரு நாட்டுக்காரர், கொடி பனாமா அல்லது லைபீரியா, தொழிலாளி இலங்கையர் என்று இருப்பது கப்பல் தொழிலில் சர்வசாதாரணம். இந்தக் குழப்பத்தில் தொழிலாளி நசுங்கிப் போகாதிருக்க, சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2006ஆம் ஆண்டு ஜெனீவாவில் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை நிறைவேற்றியது. 2013 ஆகஸ்ட் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 100க்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்றுக்கொண்டுள்ளன. இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது.

சமவாயத்தை ஏற்காத நாட்டுக் கொடியோடு வரும் கப்பலையும், ஏற்றுக்கொண்ட நாட்டின் துறைமுகத்தில் அதிகாரிகள் ஏறிப் பரிசோதிக்கலாம். சரக்குக் கப்பல் மாலுமிக்கு மட்டுமல்ல, பயணிகள் கப்பலில் மேசை பரிமாறுகிறவர், அறை சுத்தம் செய்கிறவர் ஆகியோருக்கும் இது பொருந்தும். மீன்பிடிக் கப்பல்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 2007இல் வேறு சமவாயம் செய்யப்பட்டது. ஆகவே "கப்பல் வேலை" என்று சொன்னால், "என்ன கப்பல்?" என்பதே நமது முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

16 வயதுக்குக் குறைந்தவரைக் கப்பலில் வேலைக்கு எடுக்கக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ஆபத்தான வேலை கொடுக்கக்கூடாது. பயிற்சிக்கான சில விதிவிலக்குகளைத் தவிர இரவு வேலையும் கூடாது.

2. வேலை வாங்கித் தரக் காசு கேட்கலாமா?

கேட்கக்கூடாது. இதைத் தடித்த எழுத்தில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் சேர்க்கிறவர் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதைச் சமவாயம் தடை செய்கிறது. தொழிலாளி தன் கையால் செலவு செய்யக்கூடியவை கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம் (சி.டி.சி. என்று சொல்வார்கள்), சட்டம் கேட்கும் மருத்துவச் சான்றிதழ் ஆகியவைதான். விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் இருக்கலாம். ஆனால் அது படிப்புக்கான காசு, வேலைக்கான காசு அல்ல. வகுப்பு முடித்தால் வேலை நிச்சயம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

நம்ம பாட்டன் பூட்டன் காலத்துத் துண்டு முறையை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் தொகையைத் துரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம்தான் அவர்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராமல் கால் நகராது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களிலும் இதே கதைதான். கங்காணிக்குப் பதில் அங்கே சேராங்கும் தரகரும் இருந்தார்கள். கப்பலில் இடம் வேண்டுமென்றால் அவர்கள் கையில் காசு வைக்க வேண்டும். மாலுமிக்கு வேலை தேடிக் கொடுப்பதை லாபத்துக்குச் செய்யும் வியாபாரமாக நடத்தக்கூடாது என்று 1920இலேயே ஜெனோவா நகரில் சர்வதேச சமவாயம் செய்தார்கள். நூறு வருடத்துக்கு முன் தப்பென்று ஒப்புக்கொண்டதை இன்று நாம் அடகு வைத்துக் கொடுக்கலாமா?

கடன் பட்டுப் போகிறவன் கப்பலில் வாய் திறக்கமாட்டான். "கடனை எப்படி அடைப்பது?" என்ற பயத்திலேயே சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் இருப்பான். காசு கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்.

3. ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்?

தொழிலாளியும் முதலாளியும் (அல்லது அவருடைய பிரதிநிதியும்) கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அதைப் படிக்கவும், தெரிந்தவரிடம் காட்டி ஆலோசனை கேட்கவும் நேரம் தர வேண்டும் என்பது சட்டம். "இப்பவே போடு தம்பி, பிளேன் நாளைக்கு" என்று அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். கையெழுத்திட்ட மூலப்பிரதி ஒன்று தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும்.

அதில் இருக்க வேண்டியவை:

- தொழிலாளியின் பெயர், பிறந்த திகதி, என்ன வேலை
- கப்பல் முதலாளியின் பெயரும் முகவரியும்
- சம்பளத் தொகை அல்லது அதைக் கணக்கிடும் முறை
- சம்பளத்தோடு கூடிய லீவு
- ஒப்பந்தக் காலம், முன்னறிவித்தல் (7 நாளுக்குக் குறையக்கூடாது)
- மருத்துவ, சமூகப் பாதுகாப்பு நன்மைகள்
- வீடு திரும்பும் உரிமை

சில இடங்களில் இரண்டு ஒப்பந்தம் வைத்துக்கொள்வார்கள். அதிகாரிக்குக் காட்ட ஒன்று, குறைந்த சம்பளம் கொடுக்க இன்னொன்று. இரண்டாவது தாளில் கையெழுத்துக் கேட்டால் அது மோசடி. வெற்றுத் தாளில் கையெழுத்தே போடக்கூடாது.

4. சம்பளமும் லீவும்

சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவையாவது முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டும். கணக்குச் சீட்டும் மாதாமாதம் தர வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வீட்டுக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும். ஏ.பி. எனப்படும் தேர்ந்த மாலுமிக்குச் சர்வதேச மட்டத்தில் சிபாரிசு செய்யப்பட்ட அடிப்படைச் சம்பளம், 2025ஆம் ஆண்டில் மாதம் 673 அமெரிக்க டொலராக இருந்தது. இது சில வருடத்துக்கு ஒரு தடவை திருத்தப்படும். புதிதாகச் சேருகிறவருக்கு இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே புதுப் பையனுக்கு முதல் மாதமே ஆயிரக்கணக்கில் டொலர் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் குறைந்தது 2.5 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. 8 மாதம் வேலை செய்தால் 20 நாள். சாப்பாடும் குடிதண்ணீரும் கப்பலில் இலவசம். "செக்ரோலில் அரிசிக்குப் பிடிக்கிற மாதிரி" சாப்பாட்டுக்குப் பிடிக்க முடியாது.

5. வேலை நேரமும் ஓய்வும்

சாதாரண வேலை நாள் 8 மணித்தியாலம். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. மேலதிக வேலை இருந்தாலும் எல்லை உண்டு. ஓய்வுக் கணக்கு வைக்கும் நாட்டில், 24 மணித்தியாலத்துக்குள் குறைந்தது 10 மணித்தியாலமும், 7 நாளுக்குள் குறைந்தது 77 மணித்தியாலமும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது. அதில் ஒரு துண்டு 6 மணித்தியாலமாவது இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை ஒருவர் வேலை செய்கிறார். நடுச்சாமம் 12க்கு எழுப்பி 2 மணி வரை மறுபடியும் வேலை வாங்குகிறார்கள். காலை 6க்குத் திரும்ப வேலை. அவருக்குக் கிடைத்தது 4 மணித்தியாலமும் இன்னொரு 4 மணித்தியாலமும், மொத்தம் 8. இது சட்டத்துக்கு விரோதம். புயல், தீ, ஆளைக் காப்பாற்றுவது போன்ற அவசரத்தில் கப்டன் எந்த நேரமும் வேலை வாங்கலாம். ஆனால் பிறகு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். ஓய்வுப் பதிவில் தொழிலாளி கையெழுத்து வைப்பார், பிரதியும் அவருக்கு உண்டு. பொய்க் கணக்கில் கையெழுத்து வைத்தால் நாளைக்கு அதுவே நமக்கு எதிரான சாட்சி.

6. நோயும் விபத்தும்

வேலைக் காலத்தில் வரும் நோய், காயத்துக்கு மருந்துச் செலவு முதலாளியுடையது. இந்தப் பொறுப்புக்கு நாட்டுச் சட்டம் கால எல்லை வைக்கலாம், ஆனால் அது 16 வாரத்துக்குக் குறையக்கூடாது. வேலையால் சாவு அல்லது நீண்டகால ஊனம் நேர்ந்தால் நட்டஈடு கொடுக்க முதலாளி காப்புறுதி வைத்திருக்க வேண்டும். அதன் சான்றிதழ் கப்பலில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்கும்.

7. வீடு திரும்புதல்: இரண்டு மாதம், நான்கு மாதம்

ஒப்பந்தம் முடிந்தால் முதலாளி தன் செலவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பாரதூரமான குற்றம் செய்தவரிடம் மட்டுமே அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கலாம். ஒருவரைக் கப்பலில் வைத்திருக்கும் காலம் 12 மாதத்துக்குக் குறைவாகவே இருக்க வேண்டும்.

ஆனால் முதலாளி கடன்பட்டுக் கப்பலையும் ஆட்களையும் அப்படியே விட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. எகிப்தில் "அமான்" என்ற கப்பல் 2017இல் தடுத்து வைக்கப்பட்டது. அதிலிருந்த சிரியா நாட்டு அதிகாரி ஒருவரை நீதிமன்றம் கப்பலுக்குச் சட்டப் பொறுப்பாளி ஆக்கியது. மற்றவர்கள் போன பிறகும் அவர் மட்டும் வெளிச்சம் இல்லாத கப்பலில் தனியாக இருந்தார். சாப்பாட்டுக்கும் தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றவும் கரைக்கு நீந்திப் போனார். 2021 ஏப்ரலில்தான் வீடு திரும்பினார். தான் என்ன பத்திரத்தில் கையெழுத்திடுகிறேன், அதனால் என்ன வரும் என்று கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இப்படிக் கைவிடப்படுகிறவர்களுக்காக 2017 ஜனவரி 18 முதல் ஒரு திருத்தம் நடைமுறையில் உள்ளது. முதலாளி இதற்கும் காப்புறுதி வைக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், மருந்து, வீட்டுக்குப் போகும் செலவு எல்லாம் அதில் கிடைக்கும். இதில் இரண்டு எண்களை மறக்காதீர்கள்.

இரண்டு மாதம்: முதலாளி தொடர்பை அறுத்து, குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காவிட்டால் அது கைவிடுதல்.

நான்கு மாதம்: காப்புறுதி கொடுக்க வேண்டிய சம்பள நிலுவை நான்கு மாதம் வரைதான்.

ஏழு மாதம் பொறுத்திருந்தால், மிச்சம் மூன்று மாதத்துக்கு வழக்குப் போட்டுக் கப்பலை விற்ற காசில் வாங்கப் பார்க்க வேண்டும். அது வருடக்கணக்கில் இழுக்கும். "அடுத்த போர்ட்ல தாறேன்" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாமல், இரண்டாவது மாதமே குரல் கொடுக்க வேண்டும்.

8. யாரிடம் முறையிடுவது?

முதலில் கப்பலிலேயே. முறைப்பாட்டு விதிகளின் பிரதி ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட வேண்டும். முறையிட்டதற்காகப் பழிவாங்கக்கூடாது. பலனில்லையென்றால், கப்பல் நிற்கும் துறைமுகத்து அதிகாரிகளிடம் சொல்லலாம். பாரதூரமான குறை இருந்தால் அவர்கள் கப்பலைத் தடுத்து வைக்கலாம். ஐ.டி.எப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்துக்குப் பல துறைமுகங்களில் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். 1896இல் தொடங்கிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு இது. இலங்கையில் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகமே பொறுப்பான அரச அலுவலகம். ஏஜென்டுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதையும் காசு கொடுக்குமுன், கையெழுத்துப் போடுமுன், அங்கேயே விசாரியுங்கள்.

9. வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டியவை

கடவுச்சீட்டு, சி.டி.சி. புத்தகம், ஒப்பந்தம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் போட்டோ பிரதிகள். கப்பலின் பெயர், கொடி, அதன் ஏழிலக்க ஐ.எம்.ஓ. இலக்கம். கப்பலுக்குப் பெயர் மாற்றலாம், கொடி மாற்றலாம். அந்த இலக்கம் மட்டும் மாறாது. ஏஜென்டின் பெயர், முகவரி, அவர் வாங்கிய எந்தக் காசுக்கும் பற்றுச்சீட்டு. கடலில் இருக்கிற பிள்ளைக்காகக் கரையில் பேசப்போவது அம்மாவோ அப்பாவோ மனைவியோதான். அவர்கள் கையில் இந்தக் காகிதங்கள் இருந்தால்தான் அவர்கள் பேச்சு எடுபடும்.

கலந்து பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நமது தோட்டத்தில் வெளிநாட்டு வேலைக்காக யாரேனும் அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார்களா? பற்றுச்சீட்டு வாங்கினார்களா?
2. சம்பளம் வராத இரண்டாவது மாதத்தில் கப்பலிலுள்ள பிள்ளையும் வீட்டிலுள்ளவர்களும் என்னென்ன செய்ய வேண்டும்?
3. துண்டு முறைக்கும் ஏஜென்டுக் கடனுக்கும் என்ன ஒற்றுமை, என்ன வித்தியாசம்?

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதைப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். வாசித்த பிறகு தாளை மடித்து, அந்தப் பெட்டியிலேயே வையுங்கள்.