குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ்

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரையும் இடுப்பு வலியும் உண்டு. சீசனுக்குக் குற்றாலம் போகிறோம். அங்கே எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளலாமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: செய்துகொள்ளலாம், கழுத்தை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

பேரருவிப் பக்கம் எண்ணெய் ஊறிய வேட்டியோடு நிற்பவர்களில் பலருக்கு நல்ல தொழில் பழகிய கை. முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலை அழுத்தி, இடுப்பிலிருந்து தோள்வரை உருவிவிடுவார்கள். இறுகிய தசை தளரும், அன்றிரவு தூக்கம் வரும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இதில் கிடைக்கும் நிவாரணம் கொஞ்ச காலத்துக்குத்தான். எலும்புத் தேய்மானம் சரியாகாது. 'மூலிகைத் தைலம்' என்று கூடுதல் காசு கேட்டால், நல்லெண்ணெயே போதும் என்று சொல்லிவிடுங்கள்.

முடிக்கும்போது தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்கள். வேண்டவே வேண்டாம். கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனாலும் ஒரு சொடக்குக்கு அந்த விலையா? ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அதைத் தொட விடாதீர்கள், உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் அழுத்தம் மிஞ்சினாலும் உங்களுக்குத் தெரியாது.

அருவியும் ஒரு மசாஜ்தான். சுமார் 60 மீட்டர் உயரத்துத் தண்ணீர், இடையில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்தே நம் தோளில் இறங்குகிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்பது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு. எண்ணெயைக் கழுவிவிட்டுப் போங்கள்.