சோர்ந்த மனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்

"கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்." துயரத்தில் இருக்கும் நண்பரிடம் நாம் முதலில் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் இவையே. அன்போடு சொன்னாலும் இவற்றால் பயன் குறைவு. கவலையை நிறுத்தும் வழி தெரிந்திருந்தால் அவரே நிறுத்தியிருப்பார். அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? சி.பி.டி. எனப்படும் 'அறிதல் நடத்தைச் சிகிச்சை' இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஆறுதல் சொல்வதற்கு முன் கேள்வி கேட்பதே அந்த வழி.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஏரன் பெக் (1921–2021) 1960களில் இம்முறைக்கு அடித்தளமிட்டார். மனச்சோர்வுக்கு ஆளானோரின் மனத்தில் சில எண்ணங்கள் தாமாகவே எழுவதை அவர் கண்டார். தன்னைப் பற்றி, உலகைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என அவை மூவகைப்பட்டன. ஒரு நிகழ்ச்சியைவிட, அதற்கு நாம் கொடுக்கும் பொருளே நம் உணர்வைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இம்முறையின் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் நடுத்தவணைக் கணக்கியல் தேர்வில் 38 புள்ளிகள் பெறுகிறார். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர் அவர். "எனக்கு இங்கே இருக்கத் தகுதியில்லை" என்று நினைக்கிறார். விரிவுரைக்குப் போவதில்லை, அம்மாவின் அழைப்பையும் எடுப்பதில்லை. விரிவுரையைத் தவறவிட்டதால் அடுத்த பாடமும் புரியவில்லை. அதையே தம் தகுதியின்மைக்குச் சான்றாகக் கொள்கிறார். இந்த வட்டத்தை எங்கே உடைப்பது?

முதலாவது, எண்ணத்தை இனங்காணுதல். ஒரு தாளில் மூன்று பத்திகள் இடுங்கள்: நடந்தது என்ன, மனத்தில் ஓடியது என்ன, உணர்வின் அளவு 100க்கு எவ்வளவு. எழுதிய பிறகுதான் எண்ணம் வேறு, உண்மை வேறு என்பது புலப்படும்.

இரண்டாவது, எண்ணத்தைச் சோதித்தல். "இதற்குச் சான்று என்ன? எதிரான சான்று என்ன? இதே புள்ளியை நான் வாங்கியிருந்தால் என்னிடம் என்ன சொல்வாய்?" என்று கேட்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உலைக்குப் பொருந்தும்; ஒருவரின் வாழ்க்கைக்குப் பொருந்தாது. "நான் மிகச் சிறந்தவள்" என்று சொல்லவைப்பதும் நோக்கமன்று. "இந்தத் தேர்வு மொத்தப் புள்ளியில் 20 விழுக்காடுதான். இரண்டு பாடங்கள் எனக்குப் புரியவில்லை. விரிவுரையாளரைக் கேட்க வேண்டும்" என்பதே நேர்மையான விடை. துயரம் 90இலிருந்து 60க்கு இறங்கினாலும் அது முன்னேற்றமே.

மூன்றாவது, சிறு செயல். மனம் தெளிந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தால் எழவே முடியாது. செயல்தான் பல வேளைகளில் மனத்தைத் தெளிவிக்கிறது. நாளை ஒரே ஒரு விரிவுரைக்குச் செல்லுதல், மாலையில் பத்து நிமிடம் நடத்தல், அம்மாவுக்கு ஓர் அழைப்பு என்பவை போதும். "நானும் வருகிறேன்" என்று நீங்கள் சொன்னால் அது இன்னும் எளிதாகும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. தந்தையை இழந்தவரின் அழுகை சிந்தனைப் பிழையன்று. அவர் அருகில் அமர்ந்திருப்பதே உதவி. கட்டணம் கட்டப் பணமில்லாதவருக்குத் தேவை கடனுதவிக்கான வழி. அவருடைய எண்ணத்தை ஆராய்வதன்று. சோர்வும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்திற்கு மேல் ஏறத்தாழ நாள்தோறும் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டால், பல்கலைக்கழக ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். பயிற்சி பெற்றவரின் இடத்தை நண்பர் நிரப்ப முடியாது.

"இருந்து என்ன பயன்" என்று ஒருவர் பேசினால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள். மலேசியாவில் பிஃபிரண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணிலும், சிங்கப்பூரில் சமாரிட்டன்ஸ் அமைப்பை 1767 என்ற எண்ணிலும் எந்நேரமும் அழைக்கலாம்.

நம் விடுதிகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை அறிவுரை சொல்லும் முன், "அந்த நேரத்தில் உன் மனத்தில் என்ன ஓடியது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்.