காதை அளந்த போலீஸ்

கேள்வி: பழைய படம் ஒன்றில், போலீஸ்காரர் ஒருவர் கைதியின் காதை ஏதோ கருவியால் அளக்கிறார். காதைப் பார்த்தே குற்றவாளி என்று சொல்லிவிடுவார்களா? அந்த முறை ஏன் நின்றுபோனது?
- வாசகர், விருதுநகர்

பதில்: முகவெட்டிலும் மண்டையிலும் குற்றம் தெரியும் என்று இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ பேசிக்கொண்டிருந்த காலம்தான் அது. ஆனால் நீங்கள் பார்த்தது வேறு வேலை. பிடிபட்ட ஆள் முன்பே வேறு பெயரில் சிறைக்குப் போனவனா என்று கண்டுபிடிக்க அளக்கிறார்கள்.

அல்போன்ஸ் பெர்த்தியோன் 1879இல் பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே குற்றவாளிகளின் பதிவுகள் மலையாகக் கிடந்தன. ஆள் பெயரை மாற்றிச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. வளர்ச்சி முடிந்தபின் எலும்பின் அளவு மாறாது என்பதைப் பிடித்துக்கொண்டு, உயரம், தலையின் நீள அகலம், வலது காது, இடது நடுவிரல் என 11 அளவுகளை அவர் வகுத்தார். இடது பாதத்தை அளக்கும்போது கைதி முக்காலிமேல் அந்த ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். முழு எடையும் இறங்கிவிட்டால் கால்விரலை மடக்கி ஏமாற்ற முடியாதே! மேலதிகாரி முதலில் இதைக் கிறுக்கு வேலை என்று தள்ளிவிட்டார். அடுத்து வந்தவர் சோதனைக்கு அனுமதித்தார். 1883 பிப்ரவரியில் முதல் ஆள் சிக்கினான். 1884இல் மட்டும் 241 பேர்.

என்னைக் கேட்டால், பெர்த்தியோனின் கெட்டிக்காரத்தனம் அலமாரியில்தான் இருந்தது. அளவுகளை எழுதிய அட்டைகளைத் தலை நீளத்தின்படி சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் தலை அகலத்தால் மூன்றாக்கி, பிறகு நடுவிரல், அதன்பின் மற்ற அளவுகள் என்று பிரித்துக்கொண்டே போனார். பெயர் தெரியாதவனின் அட்டையும் கைக்கு வந்துவிடும்.

இந்த முறையை ஓரங்கட்டியது கைரேகை. அது அப்போது தெரியாத சங்கதியல்ல. வங்காளத்தின் ஜங்கிப்பூரில் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் 1858லேயே ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியிருக்கிறார். ஆயிரக்கணக்கான ரேகைகளை எப்படி அடுக்கித் தேடுவது என்பதுதான் பிடிபடவில்லை. கல்கத்தாவில் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் அதற்கு வழி கண்டார்கள்: பத்து விரல் ரேகைகளின் வகையை வைத்து 1,024 அறைகள். முறைக்குப் பெயர் என்னவோ 'ஹென்றி முறை'தான்!

அதன்பின் அளவுகோலுக்கு மவுசு குறைந்தது. ஒரே ஆளை இருவர் அளந்தால் சில மில்லிமீட்டர் இடிக்கும். அளவு எல்லையில் விழுந்தால் பக்கத்து அறைகளையும் துழாவ வேண்டும். வளரும் பையன்களுக்கு இது உதவாது. இந்திய அரசு 1897இல் கைரேகைக்கு மாறியது. ஸ்காட்லாந்து யார்டு 1901இல். முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் எடுக்கும் போலீஸ் படம் மட்டும் பெர்த்தியோன் வழியில் இன்றும் தொடர்கிறது.

பாரிஸ் தன் அலமாரியை லேசில் விடவில்லை. 1911இல் மோனாலிசா ஓவியம் திருடுபோனபோது கண்ணாடிச் சட்டத்தில் திருடனின் ரேகை கிடைத்தது. அந்த ஆள், பெருஜ்ஜியா, ஏற்கெனவே பாரிஸ் போலீஸின் பதிவில் இருந்தவர். அட்டைகளோ உடல் அளவுப்படி அடுக்கப்பட்டிருந்தன. ரேகையை வைத்து எந்த அறையைத் திறப்பது? இரண்டு ஆண்டுகள் கழித்து, பிளாரன்ஸில் ஓவியத்தை விற்கப்போய்த்தான் அவர் மாட்டினார்.