ஆம்பெட்டமைன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆம்பெட்டமைன் என்பது மூளையையும் நரம்புகளையும் முடுக்கிவிடும் செயற்கை வேதிப்பொருள் ஒன்றின் பெயர். அதை ஒத்த அமைப்புடைய ஒரு குடும்பத்தைக் குறிக்கவும் அப்பெயர் வழங்குகிறது. 1887-இல் ருமேனிய வேதியியலாளர் லசார் எடெலேயானு பெர்லினில் இதை முதன்முதலாக உருவாக்கினார். 1893-இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி, எபிட்ரின் என்னும் தாவர மருந்துப் பொருளிலிருந்து இதன் நெருங்கிய உறவான மெத்தாம்பெட்டமைனை உருவாக்கினார். இன்று மெத், ஐஸ், கிரிஸ்டல் என்று தெருவில் விற்கப்படுவது அதுவே. இந்திய வாசகர்கள் அறிய வேண்டிய மூன்றாவது பெயர் மெபென்டெர்மின். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடப்பட்ட நோயாளியின் இரத்த அழுத்தம் சரியும்போது அதை உயர்த்துவதற்காக அறுவை அரங்கில் மருத்துவர்கள் செலுத்தும் இந்த ஊசி மருந்து, உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்களிடமும் ஓட்டப் பயிற்சி பெறுவோரிடமும் சென்று சேர்ந்திருப்பதையும், அதற்கு அடிமையானவர்களும் மனக்கலக்கத்துக்கு ஆளானவர்களும் சிகிச்சைக்கு வந்திருப்பதையும் இந்திய மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன.

இம்மருந்துகள் உடலுக்கு வலிமை தருகின்றன என்பதே இவற்றைப் பற்றிய முதல் நம்பிக்கை. மற்ற நம்பிக்கைகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை. செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரைக் கோயில் உள்ள சீயமங்கலம் போன்ற சிற்றூர்களிலும், காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு ஓட்டத்தில் சில நொடிகளே வாழ்க்கையின் திசையைத் தீர்மானிக்கக் கூடும் என்பதால், இந்த நம்பிக்கையை முதலில் ஆராய வேண்டியுள்ளது. ஆம்பெட்டமைன் நரம்பு முனைகளுக்குள் நுழைந்து, அங்கே சேமிக்கப்பட்டுள்ள டோபமைன், நாரட்ரினலின் ஆகிய செய்தி கடத்தும் பொருள்களை அளவுக்கு மீறி வெளியே தள்ளுகிறது. டோபமைன் மிகும்போது உற்சாகமும் தன்னம்பிக்கையும் பெருகுகின்றன. நாரட்ரினலின் மிகும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. பசியும் உறக்கமும் விலகுகின்றன. தசைக்குப் புதிய ஆற்றல் எதுவும் வந்து சேர்வதில்லை. போதும், நில் என்று உடல் எழுப்பும் களைப்புணர்வு மட்டுமே அடக்கப்படுகிறது. அந்த உணர்வு உடலின் காவல் என்பதால், அதை இழந்தவர் தம் எல்லையைத் தாண்டியதை அறியாமலே தாண்டிவிடுகிறார்.

இதற்கு வரலாறு தந்த சான்று 1967 ஜூலை 13 அன்று பிரான்சில் கிடைத்தது. 1965-இல் உலக வாகையர் பட்டம் வென்ற பிரிட்டனின் மிதிவண்டி வீரர் டாம் சிம்சன், டூர் டி பிரான்ஸ் போட்டியில் மோன் வாண்டூ மலையில் கடும் வெயிலில் ஏறிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். அவரது உடலில் ஆம்பெட்டமைனும் மதுவும் காணப்பட்டன; வெப்பமும் கடும் உழைப்பும் அவற்றோடு சேர்ந்தே அவரைக் கொன்றன. இம்மருந்து உடலின் உள்வெப்பத்தைக் கூட்டுவதோடு, தோலிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி அவ்வெப்பம் வெளியேறும் வழியையும் அடைக்கிறது. உடல் வெப்பம் அளவு கடந்து ஏறினால் தசை இழைகள் சிதைந்து, அச்சிதைவுப் பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. சித்திரை வெயிலில் பாறைக் குன்றுகள் அனலை உமிழும் செஞ்சி வட்டாரத்தில், குளிர் நாடுகளைவிட இந்த ஆபத்து மிகுதி என்பதை விளக்கத் தேவையில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல், மாரடைப்பு, மூளையில் இரத்தக் கசிவு ஆகியவை இளம் வயதினருக்கும் முன்பு இதய நோய் இல்லாதவர்களுக்கும் நேர்ந்துள்ளன. நெடுநாள் பயன்பாட்டில் இதயத் தசையே தளர்ந்து வீங்கிவிடுவதும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகளுக்கு, 1938-இல் சந்தைக்கு வந்த பெர்விட்டின் என்னும் மெத்தாம்பெட்டமைன் மாத்திரைகள் வழங்கப்பட்டன. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் படைகளும் இவ்வகை மருந்துகளைப் பயன்படுத்தின. உலக அரசுகளே கொடுத்த மருந்து தீயதாக இருக்குமா என்று கேட்போர் அதன் பின்கதையையும் அறிய வேண்டும். போர் முடிந்தபின் ஜப்பானில் பிலோபான் என்ற பெயரில் இம்மருந்து பொதுமக்களிடையே கொள்ளைநோய் போல் பரவியதால், 1951-இல் அந்நாடு அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

மருத்துவர் தரும் பொருள்தானே, அதில் என்ன தீங்கு என்ற வாதமும் இத்தன்மையதே. பகலில் திடீர் உறக்கத்தில் ஆழ்த்தும் நார்கோலெப்சி என்னும் நோய்க்கும், கவனக் குறைவோடு கூடிய மிகையியக்கக் குறைபாட்டுக்கும் சில நாடுகளில் ஆம்பெட்டமைன் சிறு அளவில், தொடர்ந்த கண்காணிப்பில் தரப்படுவது உண்மை. இந்தியாவில் அக்குறைபாட்டுக்கு மனநல மருத்துவரின் சீட்டோடு மெத்தில்பெனிடேட் போன்ற வேறு மருந்துகளே வழங்கப்படுகின்றன. நோயாளிக்கு அளந்து தரப்படும் மருந்துக்கும், அளவும் கலப்பும் தெரியாமல் புகைக்கப்படும் அல்லது ஊசியால் ஏற்றப்படும் பொருளுக்கும் பெயரளவில்தான் உறவு உண்டு. ஊசியைப் பகிர்ந்துகொள்வோருக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றும் ஆபத்து தனியே சேர்கிறது.

தேர்வுக் காலத்தில் அறிவு கூர்மையாகும் என்ற நம்பிக்கையைச் சுருக்கமாகவே மறுத்துவிடலாம். 2023-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், நலமுள்ள 40 பேருக்கு டெக்ஸ்ட்ரோஆம்பெட்டமைன் உள்ளிட்ட மூன்று மருந்துகளும் மருந்தற்ற போலி மாத்திரையும் வெவ்வேறு நாள்களில் கொடுக்கப்பட்டு, சிக்கலான கணக்குகள் தரப்பட்டன. மருந்து உண்ட நாள்களில் அவர்கள் மிகுந்த முனைப்போடு நெடுநேரம் உழைத்தனர். ஆனால் அந்த உழைப்பின் தரம் குறைந்திருந்தது. படித்தவை நினைவில் பதிவதற்கு உறக்கம் இன்றியமையாதது என்பதால், விழித்திருந்து பெறும் பொழுதைவிட இழக்கும் பயன் பெரிது.

செஞ்சி வட்டாரத்தில் மிகுந்த கவனத்தோடு பேச வேண்டிய செய்தி மற்றொன்று. இம்மருந்துகளைத் தொடர்ந்து பயன்படுத்துவோரில் ஒரு பகுதியினருக்கு, யாரோ பின்தொடர்கிறார்கள், வீட்டார் சோற்றில் நஞ்சு வைக்கிறார்கள் என்ற அசையாத ஐயமும், இல்லாத குரல்கள் கேட்பதும், தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாக உணர்ந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும் தோன்றுகின்றன. லண்டன் மனநல மருத்துவர் பிலிப் கானல் 1958-இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை விரிவாக ஆராய்ந்து, அது மனச்சிதைவு நோயிலிருந்து பிரித்தறிய அரிதானது என்று காட்டினார். பல இரவுகள் உறங்காமல், உண்ணாமல், கண்மணி விரிந்து, தனக்குள் பேசிக்கொண்டு, திடீரென ஆவேசம் கொள்ளும் பிள்ளையைக் காணும் பெற்றோர் அதைக் காற்றுச் சேட்டை என்றோ செய்வினை என்றோ கருதுவது இயல்பு. பேய் பிடித்ததாகக் கருதப்படுவோரை அழைத்துவரும் தலமாகச் செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அங்கே சென்று வழிபடுவதை எந்த மருத்துவரும் குறைகூற வேண்டியதில்லை. எனினும், மருந்தால் விளைந்த மனக்கலக்கத்துக்குச் சிகிச்சை தாமதமானால் தற்கொலைக்கும் பிறரைத் தாக்குவதற்கும் அது இட்டுச்செல்லக் கூடும் என்பதால், கோயிலுக்குச் செல்லும் குடும்பம் அதே நாளில் மருத்துவமனைக்கும் செல்வது கட்டாயம். மருந்தை நிறுத்தி, உறக்கமும் உரிய மாத்திரைகளும் கிடைத்தால், பெரும்பாலோருக்கு இந்நிலை சில நாள்களிலோ வாரங்களிலோ அடங்குகிறது. மீண்டும் பயன்படுத்தினால் முன்னிலும் விரைவாகத் திரும்புகிறது.

குடிகாரரைப் போல் கை நடுங்குவதில்லை, ஆகவே இது அடிமையாக்காது என்று சொல்வோர் உளர். விட்டபின் வரும் துன்பத்தின் வடிவம் வேறு என்பதே உண்மை: நீண்ட உறக்கம், தணியாத பசி, எதிலும் இன்பம் காணாத ஆழ்ந்த சோர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம். நடுக்கம் இல்லாததால் வீட்டார் இதைச் சோம்பல் என்று ஏசுகிறார்கள். ஏச்சுக்கு மாறாக உடனிருப்பு தேவைப்படும் நாள்கள் அவை.

செய்தித்தாள்கள் போதை மாத்திரை என்று ஒரே சொல்லில் எழுதுவதால் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. தமிழகத்தில் அப்பெயரில் அடிக்கடி பிடிபடும் டேபென்டடால், ஓபியம் வகையைச் சேர்ந்த வலி நீக்கி; நைட்ரஸிபாம், உறக்க மருந்து. இவை மூச்சை மந்தமாக்குபவை. ஆம்பெட்டமைன் இதயத்தை விரட்டுவது. முறிவு மருந்தும் சிகிச்சையும் வேறுபடுவதால், மயங்கிக் கிடப்பவரின் அருகில் காணும் மாத்திரை அட்டையையோ ஊசிக் குப்பியையோ மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவது உயிரைக் காக்கும். உடல் கொதிப்பவரை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறி, 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

ஆம்பெட்டமைன் வெளிநாட்டுச் சிக்கல் என்ற எண்ணமும் நிலைக்காது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் 0.18 விழுக்காட்டினர், அதாவது ஆயிரம் பேரில் ஏறத்தாழ இருவர், இவ்வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகக் கண்டது. மதுவோடு ஒப்பிட இது சிறிய எண். ஆனால் 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரே படகில் கடலோரக் காவற்படை கைப்பற்றிய மெத்தாம்பெட்டமைன் சுமார் 6,000 கிலோ. கடலுக்கு அப்பால் இலங்கையில் ஐஸ் பரவியதன் விளைவாக, 5 கிராமும் அதற்கு மேலும் வைத்திருப்பதற்கு மரண தண்டனை வரை விதிக்க 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஒருமுறை விழுந்தவர் எழ முடியாது என்பது கடைசி நம்பிக்கை. எல்லாவற்றிலும் மிகுந்த கேடு செய்வதும் இதுவே. நோரா வோல்கோவும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தாம்பெட்டமைனை விட்டு ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையில், டோபமைனைக் கடத்தும் புரதங்கள் கணிசமாக மீண்டிருந்தன. நினைவாற்றல் அதே அளவுக்கு மீளவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இந்த அடிமைத்தனத்துக்கென ஏற்கப்பட்ட தனி மருந்து இன்னும் இல்லை. சிந்தனைப் பழக்கங்களை மாற்றும் உளவியல் சிகிச்சையும், விலகியிருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் சிறு வெகுமதி அளித்து ஊக்குவிக்கும் முறையும் பயன் தருகின்றன. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை இத்துறையில் முன்னோடி. சீயமங்கலம், செஞ்சி மக்களுக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அருகில் உள்ளன.

மருத்துவமனைக்குச் சென்றால் காவல்துறை பிடித்துவிடும் என்று அஞ்சி ஒளிந்திருக்கும் குடும்பங்கள் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவை அறிந்துகொள்ள வேண்டும். வணிக அளவான 50 கிராமுக்கு மேல் மெத்தாம்பெட்டமைன் வைத்திருப்பவருக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறையை விதிக்கும் அதே சட்டம், பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அவரை வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குகிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.