பேங்க் நெகாராவின் வட்டியும் நமது வீட்டுக் கடனும்

“பேங்க் நெகாரா வட்டியைக் கூட்டியது”, “பேங்க் நெகாரா வட்டியைக் குறைத்தது” என்னும் செய்தியை வானொலியில் நாம் அவ்வப்போது கேட்கின்றோம். நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. பேங்க் நெகாராவில் நம்மில் எவருக்கும் கணக்கு இல்லை. அது நமக்குக் கடன் கொடுப்பதும் இல்லை என்பது உண்மையே. எனினும், வங்கியில் கடன் பெற்று வீடு வாங்கிய தோட்டத் தொழிலாளி ஒருவரின் மாதத் தவணை கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அந்தச் செய்தியைப் பொறுத்தே அமைகின்றன. அது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பேங்க் நெகாரா நம் நாட்டின் மத்திய வங்கியாகும். 1959-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் அது தொடங்கப்பெற்றது. நாம் கையாளும் நோட்டுகளையும் காசுகளையும் வெளியிடுவது அதுவே. மற்ற வங்கிகள் நமக்குக் கணக்கு வைத்திருப்பது போல, அந்த வங்கிகளுக்குக் கணக்கு வைத்திருப்பது பேங்க் நெகாரா. ஆகவேதான் அதனை வங்கிகளின் வங்கி என்கின்றனர்.

சம்பளத்துக்கு முதல் நாள் ஒரு வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால், அடுத்த வீட்டில் ஒரு படி வாங்கிப் பின்னர் திருப்பிக் கொடுப்பது லயத்து வாழ்க்கையில் யாவரும் அறிந்த வழக்கம். வணிக வங்கிகளுக்குள்ளும் இத்தகைய கைமாற்று நாள்தோறும் நடைபெறுகின்றது. பலர் ஒரே நாளில் பணம் எடுத்துவிட்டால் ஒரு வங்கிக்கு மாலையில் பணம் குறைவுபடும். வேறொரு வங்கியில் மிஞ்சியிருக்கும். குறைவுபட்ட வங்கி மிஞ்சிய வங்கியிடம் ஓர் இரவுக்குக் கடன் வாங்கி மறுநாள் திருப்பிச் செலுத்தும். அண்டை வீட்டார் வட்டி கேட்பதில்லை, வங்கிகள் கேட்கும். அவ்வட்டி எந்த அளவில் இருத்தல் வேண்டும் என்று பேங்க் நெகாரா குறிக்கும் விகிதமே ஓரிரவுக் கொள்கை வட்டி விகிதம். செய்திகளில் ‘ஓ.பி.ஆர்.’ என்று சொல்லப்படுவது இதுவே. 2004-ஆம் ஆண்டு ஏப்ரலில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. நாணயக் கொள்கைக் குழு என்னும் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடி இதனை முடிவு செய்கின்றது.

பேங்க் நெகாரா சொல்லிவிட்டால் மற்ற வங்கிகள் ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் ஐயுறலாம். வெறும் கட்டளையால் மட்டும் இது நடைபெறுவதில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அந்த விகிதம் 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எடுத்துக்கொள்வோம். அப்போது பணம் தேவைப்படும் வங்கி தக்க ஈடு வைத்துப் பேங்க் நெகாராவிடமே 3.00 விழுக்காட்டுக்கு ஓர் இரவுக் கடன் பெறலாம். பணம் மிஞ்சிய வங்கி அதனைப் பேங்க் நெகாராவிடமே போட்டு வைத்து 2.50 விழுக்காடு வட்டி பெறலாம். அங்ஙனமாயின், எந்த வங்கி மற்றொரு வங்கிக்கு 3.00-க்கு மேல் வட்டி கொடுக்க இசையும்? எந்த வங்கி 2.50-க்குக் குறைத்துக் கடன் கொடுக்கும்? இவ்விரு வரம்புகளுக்கும் இடையில், 2.75-ஐ ஒட்டியே, வட்டி தானாக வந்து நிற்கும்.

வங்கிக்கு வாங்கும் விலை மாறினால் விற்கும் விலையும் மாறும். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து, வட்டி மாறக்கூடிய புதிய வீட்டுக் கடன்களுக்கு எல்லா வங்கிகளும் ஒரே அடிப்படை வட்டி விகிதத்தைப் பின்பற்றுகின்றன. அது ஓரிரவு வட்டியோடு இணைக்கப்பட்டுள்ளது. ஒன்று கால் விழுக்காடு ஏறினால் மற்றதும் கால் விழுக்காடு ஏறும். அதன்மேல் வங்கி தனது செலவையும் ஆதாயத்தையும் கருதி ஒரு தொகையைக் கூட்டிக்கொள்ளும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் 100,000 வெள்ளியை 30 ஆண்டுக் கடனாகப் பெறுகின்றார். அடிப்படை வட்டிக்கு மேல் 1.25 விழுக்காடு கொடுக்க ஒப்புகின்றார் எனக் கொள்வோம். ஓரிரவு வட்டி 1.75 விழுக்காடாக இருந்தால் அவர் செலுத்தும் வட்டி 3 விழுக்காடு. மாதத் தவணை ஏறத்தாழ 422 வெள்ளி. ஓரிரவு வட்டி 3 விழுக்காடானால் அவர் வட்டி 4.25 விழுக்காடு, தவணை ஏறத்தாழ 492 வெள்ளி. வேறுபாடு மாதம் 70 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. அச்சம்பளத்தில் குடும்பம் நடத்துவோருக்கு 70 வெள்ளி சிறு தொகையன்று. அந்த 492 வெள்ளியிலும் முதல் மாதத்தில் 354 வெள்ளி வட்டிக்கே போய்விடுகின்றது. முதலில் கழிவது 138 வெள்ளிதான்.

இவை கற்பனை விகிதங்களல்ல. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு ஜூலையில், ஓரிரவு வட்டி 1.75 விழுக்காடாக இறக்கப்பட்டது. 2022 மே மாதம் தொடங்கி ஐந்து முறை கால் கால் விழுக்காடாக ஏற்றப்பட்டு, 2023 மே மாதத்தில் அது 3 விழுக்காட்டை எட்டியது.

இங்ஙனம் ஏற்றுவதும் இறக்குவதும் ஏன்? இதற்கு விடை காண, பணம் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிதல் வேண்டும். பணம் என்றவுடன் நோட்டும் காசும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் நாட்டிலுள்ள பணத்தின் பெரும்பகுதி வங்கிக் கணக்குகளில் எழுதப்பட்ட எண்களாகவே உள்ளது. மேற்சொன்ன வீட்டுக் கடனையே பாருங்கள். வங்கி பெட்டியைத் திறந்து 100,000 வெள்ளியை எண்ணிக் கொடுப்பதில்லை. வீட்டைக் கட்டிய குத்தகையாளரின் கணக்கில் அத்தொகையை வரவு வைக்கின்றது. மற்றவர்கள் போட்டு வைத்த சேமிப்பு ஒரு காசும் குறையவில்லை. ஆயினும் நாட்டில் 100,000 வெள்ளி கூடிவிட்டது. குத்தகையாளர் அதிலிருந்து சிமெண்டுக் கடைக்கும் கொத்தனாருக்கும் கொடுக்கின்றார். அவர்கள் தத்தம் கணக்கில் போடுகின்றனர். கடனாளி மாதந்தோறும் முதலைத் திருப்பிக் கட்டும்பொழுது அந்த அளவு பணம் புழக்கத்திலிருந்து மறைகின்றது. சுருங்கச் சொன்னால், வங்கிகள் கடன் கொடுக்கும்போது பணம் பிறக்கின்றது. கடன் அடையும்போது மறைகின்றது.

வட்டி குறைந்தால் கடன் கேட்போர் பெருகுவர், பணப்புழக்கம் கூடும், கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை நடக்கும். வட்டி ஏறினால் கடன் கேட்போர் தயங்குவர், புழக்கம் தளரும். பொருள்கள் பெருகாமல் பணம் மட்டும் பெருகினால் விலைவாசி ஏறும் என்பதால், அத்தகைய வேளையில் பேங்க் நெகாரா வட்டியை ஏற்றுகின்றது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மழையினால் காய்கறி அழிந்தாலோ, இந்தியாவிலிருந்து வரும் வெங்காயத்துக்கு அங்கே தட்டுப்பாடு ஏற்பட்டாலோ, வட்டியை ஏற்றி அவ்விலையை இறக்க இயலாது. உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுவதையும் அதனால் தடுக்க முடியாது.

பேங்க் நெகாராவிடம் மற்றொரு கருவியும் இருக்கின்றது. தான் பெறும் வைப்புத்தொகையில் ஒரு பங்கை ஒவ்வொரு வங்கியும் வட்டியின்றிப் பேங்க் நெகாராவிடம் வைத்தல் வேண்டும். 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்பங்கு நூற்றுக்குப் பதின்மூன்றரையாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் நான்காகக் குறைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் இரண்டிலிருந்து ஒன்றாயிற்று.

1998-ஆம் ஆண்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1997-இன் நடுவில் இரண்டரை வெள்ளிக்குக் கிடைத்த அமெரிக்க டாலர், 1998 ஜனவரியில் 4.88 வெள்ளி வரை சென்றது. வெள்ளியைக் காப்பதற்காக அக்காலத்துக் கொள்கை வட்டி பிப்ரவரியில் 11 விழுக்காடாக ஏற்றப்பட்டது. ஆனால் அவ்வட்டியைத் தாங்காமல் தொழில்கள் நலிந்தன. அவ்வாண்டு நாட்டின் உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. பின்னர் ஆகஸ்டில் வட்டியைக் குறைக்கத் தொடங்கினர். செப்டம்பரில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டு ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று விலை நிறுத்தப்பட்டது. 2005 ஜூலை வரை அது நீடித்தது. அதிக வட்டியும் ஒரு மருந்தே; அளவு மீறினால் நோயாளியையே வாட்டும் மருந்து.

இனி, நம்மவர் பலர் கவனிக்கத் தவறும் செய்திக்கு வருவோம். பேங்க் நெகாரா வட்டியைக் குறைக்கும்போது அதன் பயன் வங்கிக்குள் இருப்பவருக்கே கிட்டுகின்றது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது என்பது சட்டம். அது ஓரிரவு வட்டியோடு இணைந்ததன்று. உரிமமே இல்லாமல் மாதம் நூற்றுக்குப் பத்து என்று கடன் கொடுப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அவரிடம் வாங்கிய 1,000 வெள்ளிக்கு ஓராண்டில் 1,200 வெள்ளி கட்டிய பின்னும் முதல் அப்படியே நிற்கும். நாட்டில் வட்டி எவ்வளவு இறங்கினாலும் அவருடைய கணக்கு இறங்காது. விலைவாசி ஏறும்போது மட்டும், வங்கியில் இருப்பவரோடு அவரிடம் கடன் பட்டவரும் சேர்ந்தே துன்புறுகின்றார்.

வங்கிக் கடனிலும் வேறுபாடு உண்டு. மோட்டார் சைக்கிளை நிலையான வட்டிக்குத் தவணைமுறையில் வாங்கியவர் கையெழுத்திட்ட நாளில் குறித்த தவணையையே இறுதிவரை கட்டுவார். வீட்டுக் கடனோ பெரும்பாலும் மாறும் வட்டியுடையது. ஒப்பந்தத்தில் எது எழுதப்பட்டுள்ளது என்பதைக் கையெழுத்திடுமுன் கேட்டறிதல் வேண்டும். மொழி விளங்காவிடில், படித்த பிள்ளைகளையோ தொழிற்சங்கப் பொறுப்பாளரையோ உடன் அழைத்துச் செல்வதில் வெட்கம் ஏதுமில்லை. தவணை ஏறிக் கட்ட இயலாமற்போனால், வங்கியின் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ‘ஏ.கே.பி.கே.’ என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

வட்டி இறங்கும் காலத்திலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மேற்கண்ட கணக்கில் தவணை 492-லிருந்து 422 ஆகக் குறைந்தது என்று கொள்வோம். இயன்றவர் பழைய 492 வெள்ளியையே தொடர்ந்து கட்டலாம். கூடுதல் 70 வெள்ளியை முதலில் கழிக்குமாறு வங்கிக்கு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டி 3 விழுக்காட்டிலேயே நின்றால், 100,000 வெள்ளிக் கடன் 30 ஆண்டுகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 23 ஆண்டு 8 மாதத்தில் அடைந்துவிடும்.