சீதம் போனால் 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள்!

"டாக்டர், ஒரு மாசமா மலத்தோட சளி சளியா போகுது. நாலஞ்சு தடவை ரத்தமும் பட்டுச்சு. சூடுதான்னு நினைச்சு வெந்தயத்தை மோர்ல ஊறப்போட்டுக் குடிச்சேன். மெடிக்கல் ஷாப்ல கேட்டு அமீபா மாத்திரையும் ஒரு கோர்ஸ் முடிச்சாச்சு. நிக்கற மாதிரி நிக்குது, மறுபடியும் வருது..."

இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். அதுவும் காலேஜில் படிக்கிற பெண்ணாக இருந்தால் அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டாள்.

நம்மிடம் இதற்குப் பெயர் தயாராக இருக்கிறது: சீதபேதி. சீதம் என்றால் கோழை, அதாவது குடல் சளி. பெயர் கையில் இருப்பதில் ஒரு தொந்தரவும் உண்டு. சீதத்தைப் பார்த்ததுமே கிருமி, அமீபா என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். சில நாட்களில் குணமாகிவிடும். ஆனால் வாரக்கணக்கில் சீதமும் ரத்தமும் போய்க்கொண்டே இருந்தால் விஷயம் வேறாக இருக்கலாம்.

முதலில் அந்தச் சளியை மரியாதையாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது கழிவு அல்ல, காவல்!

நம் உடம்பில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் ஒரு கணக்கு வெளியானது. அவற்றில் பெரும்பகுதி குடியிருப்பது பெருங்குடலில். அந்தக் குடலின் உட்பரப்பை மூடியிருப்பதோ ஒரே ஒரு வரிசை செல்கள். காகிதத்தைவிட மெல்லிசு. அந்தப் பக்கம் இத்தனை கோடிக் கிருமிகள், இந்தப் பக்கம் ரத்த ஓட்டம். அப்படியும் ஆயுள் முழுக்கப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. எப்படி?

அந்த வரிசையில் இடையிடையே கோப்பை வடிவத்தில் சில செல்கள் இருக்கின்றன. கோப்பை செல்கள் என்றே பெயர். இவை 'மியூசின்' என்ற பொருளைச் சுருட்டி மடித்துத் தமக்குள் அடைத்து வைத்திருக்கும். வெளியே விட்டதும் தண்ணீரை உறிஞ்சிப் பல நூறு மடங்கு பெருகும். ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின் ஊறப்போடுகிறீர்களே, ராத்திரி ஒரு சிட்டிகை போட்டால் காலையில் கிண்ணம் நிறைய இருக்குமே, அந்த மாதிரி.

இந்தச் சளி ஒரே படலம் அல்ல, இரண்டு என்று 2008-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் பெருங்குடலில் காட்டினார்கள். வெளிப்படலம் தளர்வானது, பாக்டீரியாக்கள் அதில் சுகமாக வாழ்கின்றன. உள்படலம் கெட்டியானது; குடல் சுவரோடு ஒட்டியிருப்பது. அதற்குள் பாக்டீரியாவுக்கு அனுமதி இல்லை! திண்ணை வரை எல்லோரும் வரலாம், நடைவாசலுக்கு உள்ளே வரக்கூடாது என்கிற ஏற்பாடு. அந்த உள்படலமும் தேய்ந்து தேய்ந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது.

'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்ற பெருங்குடல் அழற்சி நோயில் இந்த நடைவாசல்தான் பழுதாகிறது. இந்த நோயாளிகளுக்குச் சளிப் படலம் மெலிந்திருப்பதை 1994-லேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் அளந்து காட்டினார்கள். குடலிலிருந்து துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கோப்பை செல்கள் குறைந்திருக்கும். பாக்டீரியாக்கள் சுவரைத் தொடுகின்றன; உடம்பின் எதிர்ப்புச் சக்தி சண்டைக்கு வருகிறது; சண்டையில் சுவரே புண்ணாகிறது.

"என்ன டாக்டர், சளி கொட்டுகிறது என்கிறோம், நீங்கள் சளி குறைவு என்கிறீர்கள்?" நல்ல கேள்வி. பழைய வீட்டில் காரை உதிர்ந்து தரையில் குவிந்து கிடக்கிறது. அதைப் பார்த்து 'இந்தச் சுவரில் காரை அதிகம்' என்று சொல்வோமா? வெளியே வருவது உதிர்ந்த சளி. புண்ணிலிருந்து கசியும் நீரும் வெள்ளை அணுக்களும் ரத்தமும் அதோடு கலந்திருக்கும். சுவரில் இருக்க வேண்டிய கெட்டிப் படலம் அல்ல அது. ஆகவே 'கெட்டது வெளியே போகட்டும்' என்று விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவாதீர்கள். புண்பட்ட குடலுக்கு அது தண்டனை.

சளி மெலிந்ததால் நோய் வந்ததா, நோயால் சளி மெலிந்ததா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மியூசினே சுரக்காதபடி வளர்த்த எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி தானாகவே வந்ததை 2006-ல் நெதர்லாந்தில் பார்த்தார்கள். மனிதர்களிலோ, நோய் அடங்கியிருக்கிற காலத்திலும் சிலருக்குப் படலம் பலவீனமாகவே இருப்பதாக 2019-ல் அதே கோத்தன்பர்க் குழு எழுதியது. பரம்பரை, எதிர்ப்புச் சக்தி, குடல் பாக்டீரியா எல்லாம் சேர்ந்த சிக்கல் இது. 'க்ரோன்' என்ற இன்னொரு குடல் அழற்சி நோயில் கதையே மாறும். அங்கே 1994 அளவீட்டில் படலம் தடிமனாகவே இருந்தது.

அப்படியானால் சாப்பாடு? எலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்தியபோது, குடல் பாக்டீரியாக்கள் பசிக்குச் சளிப் படலத்தின் சர்க்கரையையே தின்ன ஆரம்பித்தன. இது 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி. கீரை, காய், பயறு, முழுத்தானியம் சாப்பிடச் சொல்வதில் இந்த நியாயமும் இருக்கிறது. ஆனால் இது நோய் இல்லாதவர்களுக்கும் நோய் அடங்கியிருப்பவர்களுக்கும்தான். ரத்தம் போகும்போது கீரைத்தண்டையும் கொண்டைக்கடலையையும் திணிக்காதீர்கள். அப்போது எதைச் சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள்.

பாக்கெட் பண்டங்களில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் சில பொருட்கள், உறையில் 466, 433 என்ற எண்களோடு இருப்பவை, எலிகளின் சளிப் படலத்தைப் பாதித்ததாக 2015-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. எலிக்கு ஆனது நமக்கும் ஆகும் என்று பயப்பட வேண்டாம். ஆனாலும் தினமும் பாக்கெட்டைப் பிரிக்கிற வீடுகள் கொஞ்சம் யோசிக்கலாம்!

எப்போது டாக்டரிடம் போவது? சீதமும் ரத்தமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கட்டாயம் போக வேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பி பாத்ரூமுக்கு ஓட வைத்தால், எடை குறைந்தால், காய்ச்சல் வந்தால், போய்விட்டு வந்த பிறகும் 'இன்னும் இருக்கு' என்று கடுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். ரத்தம் என்றதும் 'மூலம்தான்' என்று களிம்பு வாங்கித் தடவுவதும் நம் வீடுகளில் சகஜம். மூலத்தில் ரத்தம் வரும். தினம் எட்டுத் தடவை சீதத்தோடு ஓட வைக்காது. ரத்தமில்லாமல் எப்போதாவது கொஞ்சம் சளி மட்டும் போனால் பெரும்பாலும் பயமில்லை.

டாக்டர் முதலில் மலப் பரிசோதனை செய்வார். அமீபா உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் அமீபா இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து. நம் நாட்டில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: குடல் காசநோய் அப்படியே க்ரோன் நோய் போல வேஷம் போடும். அதனால்தான் கொலனோஸ்கோப்பி செய்து துளி சதை எடுத்துப் பார்க்கிறோம். 'குழாய் விட்டுப் பார்ப்பாங்களாமே' என்று தள்ளிப் போடாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் பலருக்கு நடந்ததே தெரிவதில்லை. முதல் நாள் வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கிற மருந்துதான் உண்மையான கஷ்டம்!

சிகிச்சை உண்டு. மெசலமின் மாத்திரை, ஆசனவாய் வழியே வைக்கும் மருந்து, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு, அதற்கும் அடங்காவிட்டால் புதுவகை ஊசிகள். இவை சளியை உண்டாக்குவதில்லை, சண்டையை அடக்குகின்றன. சண்டை ஓய்ந்து சுவர் ஆறினால் கோப்பை செல்கள் திரும்ப முளைத்துத் தாமே படலத்தைப் போட ஆரம்பித்துவிடும்.

ரத்தம் நின்றதும் 'சரியாயிடுச்சே, எதுக்கு மாத்திரை?' என்று நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு. நோய் மறுபடி திரும்பி வரலாம். தலைவலி, மூட்டுவலிக்கு நீங்களாக ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போடுவதையும் விடுங்கள். சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். நோய் பெருங்குடலில் பரவியிருந்து எட்டு வருஷம் ஆகிவிட்டதென்றால், உடம்பு நன்றாகவே இருந்தாலும் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். நாள்பட்ட அழற்சியில் பெருங்குடல் புற்றுநோய் வர வாய்ப்பு கூடுகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் எடுத்துவிடலாம். எனவே முதல் ரிப்போர்ட்டைத் தேதியோடு பத்திரமாக ஃபைலில் வைத்திருங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.